வீட்டில் என்ன பாஷை?

அம்பத்தூர் பழைய ஊரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற ஒரு பெண், போன வருஷம் கோடையில் ஒரு நாள் சாயங்காலம், கையில் ஒரு விண்ணப்பத் தாளோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இதை நீங்களே நிரப்பிக் குடுத்துடுங்க" என்றாள்.

நாலரை வயதுப் பெண்குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். கதை எழுதுகிறவன் என்றால் தாள் நிரப்பத் தெரிந்தவன் என்று எங்கள் தெருவில் ஓர் அபிப்பிராயம் உண்டு. நான் அதை மறுப்பதில்லை. நாவல் எழுதுவதைவிட அது பிரயோஜனமான காரியம் என்று எனக்கே சில சமயம் தோன்றியிருக்கிறது.

பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் ஆயிற்று. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். 'வீட்டில் பேசும் மொழி' என்பது ஒன்று. 'பெற்றோரின் ஆங்கிலத் தேர்ச்சி: நன்று, சுமார், இல்லை' என்பது மற்றொன்று. நான் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டின் சங்கதி எனக்குத் தெரியும். அவள் திருத்தணிப் பக்கத்துக்காரி. கூட இருக்கிற தன் தாயோடு தெலுங்கில்தான் பேசுவாள். புருஷன் அரக்கோணத்துத் தமிழன். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடியாப் பையன்களோடு குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடும்போது அவளே இந்தி பேசி நான் கேட்டிருக்கிறேன். இலக்கணம் எப்படியோ, சண்டையில் ஜெயித்தவள் அவள்தான்.

"என்னம்மா எழுதட்டும்?" என்றேன்.

"இங்கிலீஷ்னு எழுதிடுங்கண்ணா. முதல்ல இங்கிலீஷ், அடுத்ததுல நன்று."

எழுதினேன். மூன்று பாஷை பேசுகிற ஒரு வீட்டை, ஒரு பாஷையும் சரியாகப் பேசாத வீடாகக் காகிதத்தில் மாற்றிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொன்னது அவள். ஆனால் பொய்யைச் சொல்லவைத்தது அந்தக் கேள்வி. 'வீட்டில் என்ன பாஷை?' என்பது கேட்கக் கூடாத கேள்வி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நல்ல உபாத்தியாயர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி அது. குழந்தை எந்த வார்த்தைகளோடு வந்திருக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த வார்த்தையைக் கற்றுத்தர முடியும்? இங்கே கேட்கிற தோரணை வேறு. வீட்டில் யாருக்காவது க்ஷயரோகம் உண்டா என்று கேட்கிற தோரணை.

சர்க்காரும் இதே கேள்வியைக் கேட்கிறது. ஆனால் சர்க்காருக்கு இந்த விஷயத்தில் பள்ளிக்கூடத்தைவிட நாகரிகம் அதிகம். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்பதற்கு ஓர் இலக்கணம் கொடுத்திருந்தார்கள். குழந்தைப் பருவத்தில் ஒருவருடைய தாய் அவரோடு பேசிய பாஷை எதுவோ அதுதான் தாய்மொழி. தாய் அப்போதே இறந்துபோயிருந்தால் அந்த வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட பாஷை. கைக்குழந்தைக்கும் வாய்பேச முடியாதவருக்கும் தாயின் பாஷையையே எழுத வேண்டும். இதற்கு மேல் தெரிந்த பாஷைகள் இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளலாம். அவற்றை எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது கட்டாயமில்லை. புரிந்துகொண்டு பேசத் தெரிந்தால் போதும். ஜனங்கள் சொன்னதைக் கணக்கெடுப்பவர் தம் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது என்றும் உத்தரவு இருந்தது. பேசாத குழந்தைக்குக்கூட அதன் தாயின் பாஷையைப் பத்திரமாக எழுதிவைக்கிறது சர்க்கார். பேசுகிற குழந்தையிடமிருந்து அதைப் பிடுங்குகிறது பள்ளிக்கூடம்.

அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பேருக்குச் சற்று அதிகமானோர் தாய்மொழி தமிழ் என்றார்கள். ஏறக்குறைய 6 பேர் தெலுங்கு என்றார்கள். அதற்கப்புறம் கன்னடம், உருது, மலையாளம். ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் இந்தியா முழுவதும் சேர்ந்து 2 லட்சத்து 60 ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிரப்பப்படுகிற பள்ளிக்கூட விண்ணப்பங்களை மட்டும் எடுத்து எண்ணினால் அதைவிட அதிகமாக வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்!

இந்தப் பக்கத்து ஊர்கள் எப்படி உண்டாயின என்று தெரிந்தவன் எவனும் ஒரு வீட்டுக்கு ஒரு பாஷை என்று கணக்குப் போட மாட்டான். அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மகாநாடு கூடி சோஷலிச மாதிரி சமுதாயம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தச் சமுதாயம் வந்ததோ இல்லையோ, பத்து வருஷம் கழித்து, 1965-ல், ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கி செய்ய வந்த ஆட்கள் நாலா திசையிலிருந்தும் வந்தார்கள். என் தகப்பனார் அதில் ஒரு ஃபிட்டர். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் ஒரு பக்கம் மலையாளி, எதிரே பஞ்சாபி, மாடியில் பீகார்க்காரர், நாங்கள் தெலுங்கு. கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்கிற வழக்கு நாலு பாஷையில் நடக்கும். பூந்தமல்லிப் பக்கம் போனால் வீட்டில் உருதும் கடையில் தமிழும் பேசுகிற குடும்பங்களைப் பார்க்கலாம். இப்போது எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் காதில் விழுகின்றன. வடக்கே இருபது முப்பது மைல் போனால் ஆந்திரா. திருத்தணியே 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து நம் ராஜ்யத்துக்கு வந்தது. இங்கே பல பாஷை என்பது ஒரு வியாதியல்ல. ஊரின் பிறவிக் குணம்.

சரி, ஆங்கிலம்? அது தெரியுமா தெரியாதா?

அந்தப் பெண்ணின் புருஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார்' என்பான். ஒரு நாள் அவன் பட்டறையில் போய் நின்றேன். டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஒடியாப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சக், டூல், த்ரெட், சாம்ஃபர், வெர்னியர், டாலரன்ஸ், ரிஜெக்ஷன். ஜி நாட் ஒன் என்றால் நேராக வெட்டிக்கொண்டு போ, எம் நாட் த்ரீ என்றால் சுழல ஆரம்பி. இத்தனை மைக்ரானுக்கு மேல் போனால் ஜாப் வேஸ்ட். பெயர்ச்சொல்லெல்லாம் ஆங்கிலம், வினைச்சொல் பாதி தமிழ், பாதி இந்தி. பையன் தலையாட்டினான், ஜாப் சரியாக வந்தது. தெரிந்த காரியத்தின்மேல் தெரியாத வார்த்தை உட்கார்ந்தது, உட்கார்ந்தது நிலைத்தது. பாஷை கற்பிப்பது என்பது இதுதான். ஆனால் இவனைத்தான் 'இல்லை' என்ற கட்டத்தில் போட வேண்டும் என்கிறது பள்ளிக்கூடம்.

'நன்று' கட்டத்துக்குரியவர்கள் யார்? ஆங்கிலத்தில் தொண்ணூறு மார்க் வாங்கியவர்கள். அவர்களையும் நான் அறிவேன். என் மகனுடைய சிநேகிதர்கள், தெருப் பிள்ளைகள், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் என்னிடம் வந்து ஒப்பித்துக் காட்டுகிறார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்றால் எல்லாரும் ஒரே பிள்ளையாக மாறிவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். நடுவில் நிறுத்தி, 'இன்றைக்கு வருகிற வழியில் என்ன பார்த்தாய்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் முகம் வெளுத்துப்போகிறது. பதினான்கு வருஷம் ஆங்கில வழியில் படித்த பிள்ளை, பாடி மேம்பாலத்தில் பஸ் நின்றுபோனதை ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் தவிக்கிறான். தமிழில் சொல்லு என்றால் அதுவும் நாலு வார்த்தைக்கு மேல் வருவதில்லை. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருஷத்துச் சம்பளத்தைக் கொட்டிக்கொடுத்த தகப்பன் லேத்தில் நின்றவன்.

இனி அந்தக் குழந்தையின் கதைக்கு வருகிறேன். பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே பெற்றோரைக் கூப்பிட்டு உபதேசம் செய்தார்கள்: வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள், பாட்டி பாஷை வேண்டாம், குழந்தை குழம்பிப்போகும். அவள் அதை வேதமாக எடுத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த ஆங்கிலம் ஒரு நாற்பது வார்த்தை. கம், கோ, சிட், ஈட், ஸ்லீப், டோண்ட் டச். நம் ஜனங்கள் வளர்ப்பு நாயோடு பேசுவதற்கு எந்த ஆங்கிலத்தை உபயோகிக்கிறார்களோ அதே ஆங்கிலம். முன்பெல்லாம் இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து கிழவி கதை சொல்கிற குரல் கேட்கும்; குழந்தை குறுக்கே குறுக்கே கேள்வி கேட்கும். அது நின்றுபோயிற்று. கிழவி திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் குழந்தை சோர்ந்து சோர்ந்து விழுந்தது. பள்ளியில் மிஸ் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்டிருக்கிறாள். குழந்தை 'எஸ் மிஸ்' என்றிருக்கிறது. அதற்குத் தெரிந்த பதில் அது. வீட்டில் தாய் 'பெயின்? பெயின்?' என்று கேட்டிருக்கிறாள், அதற்கும் 'எஸ்'. எங்கே என்று சொல்ல ஆங்கிலம் இல்லை. தமிழில் சொல்லலாம் என்றால் பள்ளியில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். அந்தப் பயம் வீடுவரைக்கும் வந்திருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, திண்ணையில் கிழவியின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டு, ரகசியம் சொல்வதுபோல, "அவ்வா, செவி நொப்பி" என்றது. காது வலி. காதுக்குள் சீழ் பிடித்திருந்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் செவிப்பறைக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார்.

செவி என்று தெலுங்கில் சொன்னது. நம் செய்யுளில் இருக்கிற அதே செவி. தமிழ்ப் புஸ்தகத்தில் அருஞ்சொற்பொருள் போட்டு நாம் விளக்குகிற வார்த்தை, அந்தக் கிழவியின் வாயில் உயிரோடு இருக்கிறது. அதைத்தான் 'வேண்டாம்' என்றார்கள்.

இதைச் சொன்னவுடன் மேடைகளில் உள்ள நம் தமிழ்ப் பற்றாளர்கள் கைதட்டத் தயாராவார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருடைய குழந்தைகள் எந்த வழியில் படிக்கின்றன என்று கேட்டு நான் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. என் மகனே ஆங்கில வழியில்தான் படித்தான். ஊருக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கும் குறைவு. என் கேள்வி வேறு. 2006-ல் நாம் தமிழ் கற்பிக்கும் சட்டம் கொண்டுவந்தோம். முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் அது பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் வாழ்கிற குழந்தை தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை. படித்ததால்தான் நான் எழுத்தாளன் ஆனேன். ஆனால் உருதுப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் பத்து வருஷம் கழித்து, பரீட்சையிலிருந்து விலக்குக் கேட்டு உயர்நீதிமன்றப் படியும் உச்சநீதிமன்றப் படியும் ஏற நேர்ந்ததே, அது எதனால்? சட்டம் போடத் தெரிந்த நாம், அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷை தெரிந்த தமிழாசிரியரைப் போடத் தெரியாமல் போனோம். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ என்று ஒரு பிரிவு 1956-ல் சேர்க்கப்பட்டது. இந்தியை நம் தலையில் கட்டாதே என்று தில்லியிடம் நாம் சொன்ன நியாயம், பூந்தமல்லித் தெருவில் உருது பேசுகிற குழந்தைக்கும் சொந்தம்தானே?

சர்க்காரின் சாமர்த்தியமும் சொல்லத்தக்கது. 2010-ல், தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் 20 சதவிகிதம் ஒதுக்கினார்கள். 2012-ல் சர்க்கார் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகளை விரித்தார்கள். வலது கையால் தமிழ் வழிக்கு மிட்டாய். இடது கையால் அதன் வகுப்பறையைக் காலி செய்தல். ஜனங்கள் முட்டாள்களா? 20 சதவிகிதம் என்பது என்றைக்கோ வரப்போகிற உத்தியோகம். எஸ்டேட்டில் புதிதாக எழும்பியிருக்கிற கண்ணாடிக் கட்டிடங்களின் வாசலில் நிற்கிற பையனிடம் கேட்கிறார்களே ஆங்கிலம், அது இன்றைய சோறு. தாய்தகப்பன் ஆங்கிலத்துக்குப் பறக்கிறார்கள் என்றால் அது அடிமைப் புத்தி என்று வைவது எளிது. நான் வைய மாட்டேன். எந்த வழியில் படிப்பது என்று தேர்ந்துகொள்வது பெற்றோர் உரிமை என்று உச்சநீதிமன்றமே 2014-ல் கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. அவர்கள் ஆங்கிலம் கேட்டது சரி. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை என்பதுதான் என் புகார். ஆங்கிலம் கேட்டார்கள், ஆங்கில வழி கொடுத்தார்கள். அரிசி கேட்டவனுக்கு அரிசி என்று அச்சடித்த கோணியைக் கொடுத்த மாதிரி.

இது ஏதோ நம் ஊர்ப் புழக்கடையில் மட்டும் நடக்கிற தமாஷ் அல்ல. மலேசியாவில் 2003-ல் கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கினார்கள். அங்குள்ள நம் தமிழ்ப் பள்ளிகளும் அதில் அடக்கம். ஆங்கிலமும் சேர்ந்து வளரும் என்பது நம்பிக்கை. 2009-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2012 முதல் பழைய வழிக்குத் திரும்பினார்கள். மறுபுறம் ஹாலந்தைப் பாருங்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாத தேசங்களில் ஆங்கிலம் வல்லவர் யார் என்று ஒரு கம்பெனி வருஷாவருஷம் பட்டியல் போடுகிறது. தாமாக வந்து பரீட்சை எழுதுகிறவர்களை வைத்துப் போடுகிற பட்டியல். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் அதில் ஹாலந்து பல வருஷமாக முதலிடத்தில் நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டச்சு வழியில்தான் படிக்கிறார்கள். ஆரம்பப் பள்ளியிலேயே ஆங்கிலம் ஒரு பாடமாக 1986 முதல் கட்டாயம். டச்சும் ஆங்கிலமும் பங்காளி பாஷைகள், ஆகையால் அவர்களுக்குச் சுலபம் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம், ஒப்புக்கொள்கிறேன். சினிமாவையும் டெலிவிஷனையும் அவர்கள் குரல் மாற்றாமல் ஆங்கிலத்திலேயே கேட்டு, அடியில் எழுத்தைப் படிக்கிறார்கள். அதுவும் சேர்த்தி. ஆனால் எந்த டச்சுப் பாட்டியையும் எவனும் திண்ணைக்கு அனுப்பவில்லை.

யுனெஸ்கோ 1953-லேயே நிபுணர்களைக் கூட்டி, குழந்தைக்குப் பாடம் சொல்ல அதன் தாய்மொழியே சிறந்தது என்று அறிக்கை போட்டது. எனக்கு நிபுணர் சாட்சி அவசியமில்லை, நானே சாட்சி. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன், முடிக்கவில்லை. வீட்டில் அம்மா தெலுங்கு, தெருவில் தமிழ். என் ஆங்கிலம் கிளை நூலகத்தில், ஒரு கையில் ஆங்கிலப் பத்திரிகையும் மறு கையில் லிப்கோ அகராதியுமாகச் சம்பாதித்தது. ஒரு ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் பார்ப்பேன். அம்மா அதையே தெலுங்கில் என்னவென்று சொல்வாள் என்று யோசிப்பேன். அப்புறம் அந்த வார்த்தை என்னைவிட்டுப் போகாது. இன்றைக்கும் உச்சரிப்பு மட்டம்தான். ஆனால் படித்ததைப் பற்றிச் சண்டை போட முடியும், அது போதும். தெலுங்கு வீட்டில் பிறந்த கி. ராஜநாராயணன் தமிழில் எப்படி எழுதினார் என்று உங்களுக்குத் தெரியும். கன்னடத்தின் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ். பேந்த்ரே வீட்டில் மராத்தி. வீட்டுப் பாஷை குழப்பிவிடும் என்றால், இவர்களெல்லாம் குழம்பியவர்கள்!

பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லவில்லை. அந்த மிஸ்ஸை வையவும் இல்லை; அவளும் இதே ஆலையில் அரைபட்டு வந்தவள், வாங்குகிற சம்பளம் சொற்பம். நான் கேட்பது சின்ன விஷயம். அபராத உண்டியலைத் தூக்கி எறியுங்கள். வீட்டுப் பாஷை என்ன என்று கேட்டால், அந்தப் பதிலை வகுப்பில் உபயோகிக்கக் கேளுங்கள். 'இயர்' என்று சொல்லிக்கொடுக்கும்போது, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பேர் என்று குழந்தைகளைக் கேளுங்கள். காது, செவி, கான் என்று மூன்று குரல் வரட்டும். ஆங்கிலத்தை ஆங்கிலமாக, ஒரு மணி நேரம், பேசிக் கற்றுக்கொடுங்கள். மற்ற நேரத்தில் குழந்தைக்குக் காது வலிக்கிறதா என்று அதற்குப் புரிகிற பாஷையில் விசாரியுங்கள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்களுக்கு என்னண்ணா, உங்க பையன் படிச்சு முடிச்சுட்டான்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இந்த வருஷம் பள்ளியில் ஒரு சின்ன நோட்டுப் புஸ்தகம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இன்று ஆங்கிலமே பேசினோம் என்று பெற்றோர் தினம் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கிழவி மறுபடியும் உள்ளே போய்விட்டாள். எட்டு மணிக்குக் கதைக் குரல் கேட்கிறது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு. அவள் கதை முடிகிறவரை இருந்து கேட்டுவிட்டு, நோட்டுப் புஸ்தகத்தில் கையெழுத்துப் போடுகிறாளாம்.